தூக்கத்தைக் காலையில் தொடங்குங்கள்

என் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. இன்றும் காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். அலாரம் எதுவும் கிடையாது. அடுப்படி விளக்கைப் போட்டு, பால் சேர்க்காத கோப்பி ஓ கலக்கிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கம் அது. ஐந்தரை மணிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் நேரத்துக்கு, நிற்க வேண்டும் என்றால் நாலரைக்கு எழுந்தால்தான் முடியும். இரவு ஒன்பது ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். படுத்த கையோடு தூங்கிவிடுவார்.

அதே வீட்டில், அடுத்த அறையில், நான் ஆறு வருடம் தூக்கமில்லாமல் புரண்டேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில். தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் குடியேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் கூலிம். 1996-இல் அங்கே உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். நானும் ஏறினேன். பத்தொன்பது வருடம் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. முழங்கால் வலி தாங்காமல் நாற்பத்தைந்து வயதில் நின்றுவிட்டு வீட்டில் தையல் போட ஆரம்பித்தேன். இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் தூக்கம் சுத்தமாகப் போனது.

செய்யாத வைத்தியம் இல்லை. சூடான பாலில் மஞ்சள் போட்டுக் குடித்தேன். தலையணையில் வாசனை எண்ணெய் தெளித்தேன். யாரோ சொன்னார்கள் என்று சளிக்குப் போடும் மஞ்சள் மாத்திரையைக்கூட விழுங்கினேன். எல்லாவற்றையும்விடத் தப்பாகச் செய்தது ஒன்று உண்டு: தூக்கம் போதவில்லையே என்று சீக்கிரம் படுக்கப் போனேன். ஒன்பது மணிக்கே போய்ப் படுப்பேன். பதினொன்று, பன்னிரண்டு என்று கடிகாரம் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். விடியும் நேரத்தில் கண் அசரும், எட்டு மணி வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பேன்.

என் சின்ன மகள் தாதி வேலை பார்க்கிறாள். ஒரு நாள் அவள் கேட்டாள்: "அம்மா, பாட்டி எத்தனை மணிக்குத் தூங்குறாங்கன்னு எப்பப் பார்த்தாலும் சொல்றீங்களே, எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறாங்கன்னு பார்த்தீங்களா?" இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

எழும் நேரத்தைக் கட்டுங்கள்

தூக்கம் வரும் நேரம் நம் கையில் இல்லை. எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. முதலில் அதைப் பிடியுங்கள்.

மகள் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். தூக்கத்தை இரண்டு விஷயங்கள் ஆள்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் சுழற்றும். தூங்கினால் குறைந்துவிடும். இன்னொன்று உடம்புக்குள் ஓடும் கடிகாரம். எப்போது விழிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அலெக்சாண்டர் போர்பெலி என்ற அறிஞர் 1982-இல் எழுதினார். காலை எட்டு மணிவரை படுத்திருக்கிறவர் இரவு ஒன்பது மணிக்குப் படுத்தால் அடினோசின் எங்கே சேர்ந்திருக்கும்? அம்மா நாலரைக்கு எழுந்தவர். ஒன்பது மணிக்குப் பதினாறரை மணி நேரம் விழித்திருந்த கணக்கு. அதனால்தான் படுத்தவுடன் தூக்கம்.

அந்த 1982-ஐ அம்மாவும் மறக்கவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. அந்த வருடம் சனவரி 1-ஆம் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். கடிகாரம்தான் நகர்ந்தது, சூரியன் நகரவில்லை. "பெரட்டு நேரம் அதேதான், இருட்டு மட்டும் கூடிப்போச்சு" என்பார் அம்மா. நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் எங்களுக்கு இது இன்றைக்கும் தூக்க விஷயமாகவே இருக்கிறது. பாடாங் செராயில் வருடம் முழுக்க ஏழு மணிக்கு முன்னால் சூரியனைப் பார்க்க முடியாது. பிப்ரவரியில் ஏழரை ஆகிவிடும். மாலையிலும் ஏழு மணி வாக்கில்தான், பெரும்பாலான மாதங்களில் அதையும் தாண்டித்தான் விழும். அதாவது ஐந்தரைக்கு எழுந்து டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு சமையல் வேலை பார்த்தால், எழுந்தது என்னவோ எழுந்ததுதான், ஆனால் உடம்புக் கடிகாரத்துக்கு விடியவில்லை.

ஆகவே நான் இரண்டு காரியம் செய்தேன். ஐந்தரைக்கு எழுவது என்று முடிவு செய்தேன். வாரத்தில் ஏழு நாளும் அதேதான். அப்புறம், ஏழேகாலுக்கு எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே போய் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நின்றேன். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், வாசல் பெருக்கினேன், மேட்டுப் பக்கம் செம்பனைக் காட்டு ஓரமாக நடந்தேன். சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. மூடிய வானத்தின் கீழே கிடைக்கும் வெளிச்சம் வீட்டு டியூப் லைட்டைப் போலப் பல மடங்கு. கண் அதை ஏமாறாமல் உணரும்.

முதல் வாரம் கொடுமையாக இருந்தது. மூன்று மணி நேரம் தூங்கிய நாளும் ஐந்தரைக்கு எழுந்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் நூல் கோக்க முடியாமல் கண் கட்டியது. பத்தாவது நாள் இரவு பத்தரைக்குக் கண் தானாக இறங்கியதை இப்போதும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

இதைக் கெடுப்பது விடுமுறை நாள். எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் லீவு. வியாழன் இரவு இரண்டு மணிவரை படம் பார்த்துவிட்டு வெள்ளி பதினோரு மணிவரை தூங்கினால், சனியும் அப்படியே இழுத்தால், சனி இரவு தூக்கம் எப்படி வரும்? ஞாயிறு காலை பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், கதை முழுக்க அதில் இருக்கும். லீவு நாளில் கூடுதலாக ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ரொம்ப அசதியாக இருந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து நிமிடம் கண்ணை மூடுங்கள். காட்டிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு அம்மா பாயில் சாய்வாரே, அந்த அளவுதான்.

கட்டிலில் விழித்துக் கிடக்காதீர்கள்

எழும் நேரம் ஒழுங்கான பிறகும் எனக்கு ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. வரவேற்பறை நாற்காலியில் டிவி முன்னால் சொக்கிச் சொக்கி விழுவேன். எழுந்து போய்க் கட்டிலில் படுத்தால் பளிச்சென்று விழிப்பு வரும். ஆறு வருடம் அந்தக் கட்டிலில் கவலைப்பட்டே கிடந்திருக்கிறேன். கட்டிலைக் கண்டாலே உடம்புக்குக் கவலைப்படும் நேரம் வந்துவிட்டது என்று பழகிப்போயிருந்தது.

இதற்கு ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் ஒரு வழி சொன்னார். கண் கனத்து இறங்கும்போதுதான் கட்டிலுக்குப் போக வேண்டும். படுத்து ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும். மறுபடி கண் கனத்தால் திரும்பலாம். எத்தனை முறை ஆனாலும் சரி, அலுக்காமல் செய்ய வேண்டும். கட்டில் தூங்குவதற்கு மட்டும்தான். கட்டிலில் சாப்பாடு, போன், கணக்குப் பார்ப்பது எதுவும் கூடாது.

நான் கூடத்தில் மூலையில் ஒரு பிரம்பு நாற்காலியும் மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன விளக்கும் வைத்தேன். அங்கே உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுப்பேன். கை வேலை, மெதுவான வேலை, அவசரமில்லாத வேலை. டிவி கிடையாது, போன் கிடையாது. கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி அடுப்படியில் மாட்டினேன். மணி என்ன, இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட ஆரம்பித்தால் அன்றைய இரவு அதோடு போச்சு. இருபது நிமிடத்தையும் கடிகாரம் பார்த்து எண்ண வேண்டாம், குத்துமதிப்புதான். முதல் வாரம் ஓர் இரவில் நாலு முறைகூட எழுந்திருக்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு முறை, அதுவும் சில நாள்தான்.

இதோடு சேர்த்து மகள் இன்னொன்றும் செய்யச் சொன்னாள். ஒரு நோட்டில் பத்து நாள் எழுதினேன்: எத்தனை மணிக்குப் படுத்தேன், தோராயமாக எத்தனை மணி நேரம் தூங்கினேன், எப்போது எழுந்தேன். கட்டிலில் கிடந்தது எட்டு மணி நேரத்துக்கு மேல். தூங்கியது ஆறு மணி நேரம்கூட இல்லை. "அப்படின்னா கட்டில்ல ஆறு மணி நேரம் மட்டும் இருங்க" என்றாள். அதாவது பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழ வேண்டும். தூக்கமில்லை என்று அழுகிறவளிடம் நேரத்தைக் குறை என்கிறாளே என்று கோபம்கூட வந்தது. ஆனால் பாலை ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றினால் பாலாகவா இருக்கும்? தூக்கமும் அப்படித்தான் நீர்த்துக் கிடந்தது. ஆறு மணி நேரத்துக்குள் அடைத்ததும் கெட்டியானது. கட்டிலில் இருக்கும் நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்காவது தூங்குகிறோம் என்று ஒரு வாரம் தொடர்ந்து வந்தால், படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்தலாம். அப்படி நகர்த்தி நகர்த்தி இப்போது பத்தேகாலுக்குப் படுக்கிறேன். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, அதை எட்டிவிட்டேன்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது. வலிப்பு உள்ளவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், லாரி பஸ் ஓட்டுகிறவர்கள், பைக்கில் தூரம் போகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் தள்ளும்.

மாத்திரை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இந்த மாதிரிப் பழக்க வைத்தியத்தைத்தான் தர வேண்டும், மாத்திரை அதற்குப் பிறகுதான் என்று அமெரிக்க மருத்துவர்களின் பெரிய சங்கம் ஒன்று 2016-இல் வழிகாட்டியே வெளியிட்டது. நான் விழுங்கிய சளி மாத்திரை வயதானவர்களுக்கு ஆகவே ஆகாது. மறுநாள் தலை கிறுகிறுக்கும், மறதி வரும், ராத்திரி கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தூங்குவதற்காக ஒரு கிளாஸ் ஊற்றிக்கொள்கிற அண்ணன்மார்களுக்கும் சொல்கிறேன். அது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்ராத்திரித் தூக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடும்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள்

நம் ஊரில் தூக்கத்துக்குப் பெரிய எதிரி புழுக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய யோசனைகள் இங்கே பாதிக்கு மேல் உதவாது. அறையைப் பதினெட்டு டிகிரியில் வை என்கிறார்கள். தாமான் வீட்டில் அது நடக்கிற காரியமா?

தூங்கப் போகும்போது உடம்பின் உள்சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்க வேண்டும். கை கால் தோல் வழியாகச் சூடு வெளியே போகிறது. சுற்றிலும் வெக்கையாக இருந்தால் அந்தச் சூட்டுக்குப் போக இடமில்லை. அதுதான் புரளவைக்கிறது.

இரவு பத்து மணிக்கு உங்கள் படுக்கையறைச் சுவர் ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தபோது மேற்குச் சுவர், தோசைக்கல்லை இறக்கிக் கால் மணி ஆன பிறகு இருக்குமே, அந்தச் சூட்டில் இருந்தது. கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரோடு ஒட்டியிருந்தது! மத்தியானம் முழுக்க வெயிலைக் குடித்த செங்கல் ராத்திரி முழுக்க என் தலைக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கே நானும் என் வீட்டுக்காரரும் கட்டிலைத் தூக்கிக் கிழக்குப் பக்கம் போட்டோம். காசே செலவில்லை.

அடுத்து வெயில் அந்தச் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டோம். உள்ளே திரை போட்டுப் பலனில்லை, சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நிழல் வெளியே விழ வேண்டும். செம்பனை நாற்றங்காலுக்குக் கட்டும் கறுப்பு வலையைக் கூரை விளிம்பிலிருந்து சுவரைவிட்டு ஓரடி தள்ளிச் சாய்வாகக் கட்டினார். அதன் கீழே அவரைக்கொடி ஏற்றினேன். ஒரு மாதத்தில் இரவு பத்து மணிக்கு அந்தச் சுவர் மற்றச் சுவர்களைப் போலவே இருந்தது. அவரைக்காயும் கிடைத்தது.

துத்தநாகத் தகடோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரையென்றால் சூடு மேலிருந்தும் இறங்கும். சீலிங்குக்கு மேலே வெள்ளித்தாள் மாதிரி இருக்கும் சூடு தடுக்கும் விரிப்பைப் போடலாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நீங்களே ஏறி உடைக்கவோ துளை போடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கூரை வேலை செய்ய வசதியில்லை என்றால் காற்றை மாற்றுங்கள். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஒரு மேசை மின்விசிறியைச் சன்னல் முன்னால் வெளியே பார்த்து வைத்து ஓட விடுங்கள். அறைக்குள் அடைந்த வெக்கையை அது தள்ளும், எதிர்ச் சன்னல் வழியாகக் குளிர்காற்று வரும். அரை மணி நேரம் போதும். தரையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைய. வேர்வை காயாமல் இன்னும் கசகசக்கும்.

ஏர்கான் இருந்தால் இருபத்தாறில் வைத்து மேல் விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். பதினெட்டில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்வது பில்லுக்குத்தான் பெருக்கம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

அப்புறம் குளியல். ராத்திரி குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு உடனே படுப்பது நம் வழக்கம். நான் மாற்றினேன். ஒன்பது மணி வாக்கில் வெதுவெதுப்பான நீரில் குளிக்கிறேன். தோலுக்கு ரத்தம் ஓடி வருகிறது. குளித்த பின் அந்த வழியாகவே உள்சூடு வெளியேறுகிறது. படுக்கும் நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால் குளித்தால்தான் இது சரியாக வேலை செய்யும். உடுத்திக்கொள்ள பழைய பருத்தி பாத்தேக் கைலியைவிட நல்லது ஒன்றும் இல்லை. பளபளப்பான நைலான் நைட்டிகளை நானே தைத்து விற்கிறேன், ஆனால் வாங்க வருகிற அக்காமார்களிடம் தூங்கும்போது போடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

மெத்தையை மாதம் ஒருமுறை வெயிலில் போடுங்கள். இலவம் பஞ்சுத் தலையணை என்றால் கட்டாயம்.

சின்னச் சின்ன விஷயங்கள்

கோப்பி. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். நம் கோப்பிக்கடைத் தூளில் ரோபஸ்டா கொட்டை அதிகம். அதில் அராபிக்கா என்ற இன்னொரு வகையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபீன். தே தாரேயிலும், அதாவது ஆற்றிய பால் தேநீரிலும், உண்டு. நான் மத்தியானம் ஒரு மணியோடு நிறுத்திவிடுகிறேன். அம்மா மாலையிலும் குடித்துவிட்டுத் தூங்குகிறாரே என்றால், அவர் உடம்பு வேறு, அவரைப் பார்த்து நான் குடித்ததில் பட்டது நான்தான்.

கொசு. ராத்திரி முழுக்கச் சுருள் கொளுத்திச் சன்னலைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற சுருள்களை வைத்துச் செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அதில் இருந்தது. வலை கட்டுங்கள். எங்கள் வீட்டில் சன்னலுக்கே வலை அடித்துவிட்டோம்.

போன். வெளிச்சம் ஒரு பங்கு கெடுதல் என்றால் அதில் வரும் செய்திகள் மூன்று பங்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து மணிக்கு ஒரு சண்டை படித்தால் பன்னிரண்டு வரை மனம் பதில் எழுதிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு மேல் டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்புக்கு மாறினோம்.

ராத்திரி நாலைந்து முறை சிறுநீருக்கு எழுகிறீர்களா? வயது ஆகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கிறதா என்று பரிசோதித்துப் பாருங்கள். ரத்தக் கொதிப்புக்கு நீர் போகும் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதைக் காலையில் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

குறட்டை

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் படுத்தால் பக்கத்து வீடு வரை கேட்கும். நல்லா அசந்து தூங்குகிறார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். தூக்கமில்லாத நாட்களில்தான் கவனித்தேன். குறட்டை ஏறி ஏறி, சட்டென்று நிற்கும். மூச்சே இருக்காது. நான் மனதுக்குள் எண்ணுவேன், பத்து, பதினைந்து, இருபது. பிறகு திணறலோடு ஓர் உறுமல், மறுபடி குறட்டை. காலையில் தலைவலி என்பார். சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். மாத்திரை போட்டும் ரத்தக் கொதிப்பு இறங்கவில்லை.

இதற்குத் தூக்க மூச்சடைப்பு என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழியை அடைக்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதை ஒன்று என்று கணக்கு வைக்கிறார்கள், மூச்சு வெகுவாகக் குறைந்து போவதையும் சேர்த்துத்தான். ஒரு மணி நேரத்துக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. முப்பதுக்கு மேல் போனால் கடுமை. அவருக்கு முப்பதைத் தாண்டியிருந்தது.

முதலில் ஒரு டாக்டரிடம் சொன்னபோது உடம்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வருடம் வீணாகப் போனது, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நீங்கள் போகும்போது கையில் ஆதாரத்தோடு போங்கள். மூச்சு நிற்பதைப் போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து காட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் அந்தப் பதிவைக் கேட்ட சின்ன டாக்டரம்மா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஓர் இரவு தங்க வைத்து, உடம்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இப்போது சிபேப் மெஷின் போட்டுப் படுக்கிறார். மூக்கில் மாட்டும் கவசம் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுவழியைத் திறந்தே வைக்கும் கருவி அது, ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்து 1981-இல் வெளியிட்டது. முதல் இரண்டு வாரம் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். கவசத்தின் பட்டை கன்னத்தை அறுக்கிறது என்றார். மெல்லிய பருத்தித் துணியில் அந்தப் பட்டைக்கு உறை தைத்துக் கொடுத்தேன், பழகிவிட்டார்.

ஆஸ்பத்திரித் தேதிக்குக் காத்திருந்த மாதங்களில் மல்லாந்து படுக்காமல் பார்த்துக்கொண்டோம், மல்லாந்தால்தான் அடைப்பு அதிகம். பழைய டீ-சட்டையின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தை உள்ளே வைத்தேன். திரும்பினால் உறுத்தும், ஒருக்களித்துக்கொள்வார். லேசான குறட்டைக்கு இது போதும். மூச்சு நிற்கிறது என்றால் இதோடு நிறுத்திவிடாதீர்கள்.

இரவு ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளுக்கு

நான் மேலே சொன்ன முதல் பாடம் உங்களுக்கு ஒத்துவராது என்று தெரியும். பத்தொன்பது வருடம் நானும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இரவு ஷிப்டு முடிந்து பைக்கில் வரும்போது கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன். செம்பனைக் காட்டோர வடிகால் கானில் முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் விழித்தேன். கையில் சிராய்ப்போடு போனது. மறுநாளிலிருந்து பஸ்ஸில்தான் போனேன். பதினைந்து நிமிடம் கூட ஆகுமே என்று பார்க்காதீர்கள், இரவு ஷிப்டு வாரங்களில் பஸ் ஏறுங்கள். பைக்கில்தான் வர வேண்டும் என்றால் கிளம்பும் முன் தொழிற்சாலையிலேயே இருபது நிமிடம் தூங்கிவிட்டு ஏறுங்கள்.

பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணி வெயில் கண்ணில் பட்டால் உடம்புக் கடிகாரம் பகல் வந்துவிட்டது என்று விழித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்கலாம், சமைத்து வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று இழுக்காதீர்கள். லேசாகச் சாப்பிட்டுவிட்டு நேரே படுங்கள். சன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டினால் இருட்டும் கிடைக்கும், வெயிலும் திரும்பிப் போகும், இரண்டு மூன்று வெள்ளிதான் செலவு. கோப்பி ஷிப்டின் முதல் பாதியோடு சரி, நள்ளிரவுக்குப் பிறகு வேண்டாம். முதல் இரவு ஷிப்டுக்குப் போகும் நாளில் மாலை நாலு மணி வாக்கில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். ஷிப்டுக்கு இடையில் வரும் லீவு நாளில் முழுக்கப் பகல்காரராக மாறாமல், பின்ராத்திரி மூன்று மணிக்குப் படுத்து காலை பதினொன்று வரை தூங்கினால் இரண்டு பக்கமும் அதிகம் அடிபடாது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். பகலில் தூங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று பார்க்கும் வீடுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. சாமான்காரர், கேஸ்காரர், சீட்டுக்காசு கேட்டு வரும் அக்கா என்று கதவைத் தட்டுகிறவர்கள் ஓயமாட்டார்கள். அந்த நாட்களில் நான் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி கேட்டில் மாட்டியிருந்தேன்: "இரவு வேலை. தூங்குகிறேன். நாலு மணிக்கு மேல் வரவும்." அதையே மலாயிலும் கீழே எழுதியிருந்தேன். அட்டை மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போடுங்கள், ஓட்டை போட்டு இரண்டு முனையிலும் கயிறு கட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் கட்டினால் காற்றில் திரும்பிக்கொள்ளும், யாரும் படிக்க மாட்டார்கள்.